நெஞ்சில் எடுத்த தண்ணியில் 'வித்தியாசமான செல்கள்'... கேன்சரா, இல்லையா? டாக்டர்கள் கண்டுபிடிப்பது எப்படி?

திண்டுக்கல்:

நெஞ்சில் தண்ணி கோர்த்து மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்கு போனால், முதுகுப் பக்கம் ஊசி போட்டு தண்ணி எடுப்பார்கள். வயிறு வீங்கியிருந்தால் வயிற்றில் இருந்து எடுப்பார்கள். அதில் கொஞ்சத்தை பாட்டிலில் பிடித்து பரிசோதனைக்கு அனுப்புவார்கள். 2, 3 நாளில் ஒரு தாள் வரும். அந்த தாளில் உள்ள ஒரே ஒரு வார்த்தை குடும்பத்தையே புரட்டிப் போட்டு விடும்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

2023-ம் ஆண்டு. என் அம்மாவின் அண்ணன், எனக்கு மாமா. வயது 58. சிறுநீரகம் செயலிழந்து வாரம் 2 முறை டயாலிசிஸ் செய்து வந்தார். திடீரென படுக்க முடியாத அளவுக்கு மூச்சிரைப்பு. எக்ஸ்ரே எடுத்ததில் வலது பக்க நெஞ்சில் தண்ணி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தண்ணியை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். வந்த ரிப்போர்ட்டில் 'அடிபிக்கல் மீசோதீலியல் செல்ஸ்' என்று இருந்தது. ரிப்போர்ட்டை கையில் கொடுத்த ஊழியர், "கேன்சர் மாதிரி தெரியுது, பெரிய ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க" என்று சொல்லி விட்டார்.

அவ்வளவுதான். வீட்டில் ஒரே அழுகை. மாமா மட்டும் அழவில்லை. "கேன்சரே வந்தாச்சு, இனிமே எதுக்கு டயாலிசிஸ்? அந்த காச பிள்ளைக்கு வைங்க" என்று சொல்லி படுத்து விட்டார். அடுத்தடுத்து 2 டயாலிசிஸ் போகவில்லை. கேன்சர் பயத்தில் சிறுநீரகத்தால் உயிரே போயிருக்கும்!

கடைசியில் அது கேன்சரே இல்லை. என்ன நடந்தது என்பதை பிறகு பார்ப்போம். அதற்கு முன்பு, அந்த செல்கள் என்ன, டாக்டர்களையே ஏன் குழப்புகின்றன என்று தெரிந்து கொள்வோம்.

உறுப்புகளுக்கு ஒரு உறை

நம்ம நுரையீரல், இதயம், குடல் எல்லாம் உடம்புக்குள் சும்மா கிடக்கவில்லை. ஒவ்வொன்றையும் மெல்லிய உறை மூடியிருக்கிறது. அந்த உறைக்கு 2 மடிப்பு. ஒரு மடிப்பு உறுப்பின் மேல் ஒட்டியிருக்கும். இன்னொன்று நெஞ்சுச் சுவர் அல்லது வயிற்றுச் சுவரின் உட்பக்கம் இருக்கும். ரெண்டுக்கும் நடுவில் சில மில்லி தண்ணி மட்டும் இருக்கும். உறுப்பு அசையும்போது உரசாமல் இருக்க எண்ணெய் போட்ட மாதிரி அது உதவும்.

இந்த உறையின் மேல்பரப்பில் ஒரே ஒரு அடுக்காக, தரையில் டைல்ஸ் பதித்த மாதிரி வரிசையாக இருக்கும் செல்களுக்குத்தான் 'மீசோதீலியல் செல்கள்' என்று பெயர். தமிழில் உறை செல்கள் என்று சொல்லலாம். இது எல்லோருக்கும் இருப்பது. இருக்க வேண்டியது. எனவே ரிப்போர்ட்டில் 'மீசோதீலியல் செல்ஸ்' என்ற வார்த்தையை பார்த்ததும் பயப்பட வேண்டிய அவசியமே இல்லை.

சாதாரணமாக இந்த செல்கள் சப்பையாக, அமைதியாக இருக்கும். உறைக்குள் தண்ணி கோர்த்தால்தான் பிரச்சினை. இதயம் பலவீனம், கல்லீரல் சுருக்கம், சிறுநீரக செயலிழப்பு, நிமோனியா, கணைய வீக்கம், நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு... இப்படி எந்த காரணத்தால் தண்ணி சேர்ந்தாலும் உறை செல்களுக்கு எரிச்சல் ஏற்படும். அப்போது அவை உப்பி பெரிதாகும். வேகமாக பெருகும். உறையில் இருந்து உதிர்ந்து தண்ணியில் மிதக்கும்.

இங்கேதான் சிக்கல். இப்படி எரிச்சலில் உப்பிய நல்ல செல், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கேன்சர் செல் மாதிரியே வேஷம் போடும்!

ஊர்க்காரனா? வெளியூர்க்காரனா?

ஒரு சின்ன ஊர் என்று வைத்துக் கொள்ளுங்கள். அங்கு ஏதோ தகராறு. ஜனங்கள் எல்லாம் தெருவில் இறங்கி கத்துகிறார்கள். கூட்டத்தில் 3 வகை ஆட்கள் இருக்கலாம்.

முதல் வகை, கோபத்தில் கத்தும் உள்ளூர்க்காரர்கள். பார்க்க முரட்டுத்தனமாக தெரிந்தாலும் நல்லவர்கள். பிரச்சினை தீர்ந்தால் வீட்டுக்கு போய் விடுவார்கள். இதுதான் எரிச்சலில் உப்பிய உறை செல். டாக்டர்கள் 'ரியாக்டிவ்' என்று எழுதுவது இதைத்தான்.

இரண்டாவது, வெளியூரில் இருந்து புகுந்த திருடன். அதாவது நுரையீரல், மார்பகம், கர்ப்பப்பை பக்கத்தில் உள்ள சினைப்பை, இரைப்பை போன்ற வேறு இடத்தில் தோன்றிய கேன்சர், உறைக்கு பரவி தண்ணியில் கலந்திருப்பது. தண்ணியில் கேன்சர் செல் தெரிந்தால் பெரும்பாலும் இந்த வகைதான்.

மூன்றாவது, உள்ளூர்க்காரனே திருடனாக மாறுவது. அதாவது உறை செல்லிலேயே கேன்சர் வருவது. இதற்கு 'மீசோதீலியோமா' என்று பெயர். அபூர்வமான நோய். ஆனால் கண்டுபிடிக்க ரொம்ப கஷ்டம்.

வெளியூர் திருடனை முகத்தை வைத்தே ஓரளவு பிடித்து விடலாம். உள்ளூர்க்காரனே திருடன் என்றால்? கோபத்தில் கத்துகிறவனுக்கும் திருடனுக்கும் முகம் ஒன்றுதான். அதனால்தான் இது நோயியல் டாக்டர்களுக்கு, அதாவது பெத்தாலஜிஸ்டுகளுக்கு பெரிய தலைவலி.

மைக்ரோஸ்கோப்பில் என்ன பார்க்கிறார்கள்?

லேபுக்கு வந்த தண்ணியை முதலில் சுழலும் மெஷினில் வைத்து வேகமாக சுற்றுவார்கள். செல்கள் எல்லாம் வண்டல் மாதிரி அடியில் தங்கும். அந்த வண்டலை கண்ணாடி ஸ்லைடில் தேய்த்து, சாயம் ஏற்றி பார்ப்பார்கள். அப்போது கவனிக்கும் முக்கியமான விஷயங்கள் இவை.

நல்ல உறை செல்கள் தனித்தனியாக அல்லது சின்னச் சின்ன கூட்டமாக இருக்கும். உருண்டையாக, நடுவில் கரு இருக்கும். செல்லின் ஓரம் மங்கலாக, பாவாடை ஓரத்தில் லேஸ் வைத்த மாதிரி தெரியும். ரெண்டு செல்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் நடுவில் சின்ன ஜன்னல் மாதிரி இடைவெளி இருக்கும். காரணம், இந்த செல்களின் மேல் முடி போன்ற மெல்லிய இழைகள் உண்டு. அது ரெண்டையும் நெருங்க விடாமல் தள்ளி நிறுத்துகிறது.

இன்னொரு முக்கிய அடையாளம் 'ஒரே குடும்ப' ஜாடை. சின்ன செல், நடுத்தர செல், பெரிய செல், கொஞ்சம் கோணலான செல் என்று வரிசையாக இருக்கும். எங்கே நல்லது முடிந்து எங்கே விகாரம் ஆரம்பிக்கிறது என்று கோடு போட முடியாது. அண்ணன் தம்பி மாதிரி எல்லாம் ஒரே ஜாடை.

பரவி வந்த கேன்சர் செல் அப்படி இருக்காது. ஸ்லைடில் 2 ஜாதி தெரியும். ஒன்று நல்ல உறை செல். இன்னொன்று சம்பந்தமே இல்லாத அன்னிய செல். அவை ஜன்னல் இல்லாமல் ஒன்றோடு ஒன்று இறுக ஒட்டி, ரவா லட்டு மாதிரி வழவழப்பான ஓரத்துடன் உருண்டையாக இருக்கும். கரு நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக ஒதுங்கி நிற்கும். சிலவற்றில் உள்ளே சளி நிறைந்த குமிழி இருக்கும்.

உறை செல்லிலேயே வரும் கேன்சர் என்றால் 2 ஜாதி தெரியாது. எல்லாம் உறை செல் ஜாடைதான். ஆனால் எண்ணிக்கை ரொம்ப அதிகம். செல்லும் பெரிது, கூட்டமும் பெரிது. ஒரே கூட்டத்தில் 50-க்கும் மேற்பட்ட செல்கள் சேர்ந்து, சீதாப்பழம் மாதிரி புடைப்பு புடைப்பாக தெரியும். ஒரு செல் இன்னொரு செல்லை கட்டிப்பிடித்த மாதிரியும் இருக்கும்.

ஏமாற்றும் அறிகுறிகள்

'இவ்வளவு அடையாளம் இருக்கே, பிறகென்ன குழப்பம்?' என்று கேட்கலாம்.

மற்ற இடங்களில் கேன்சர் என்று சந்தேகிக்க வைக்கும் பல அறிகுறிகள் இங்கு செல்லாது. செல் ரெண்டாக பிரிந்து பெருகுவது தெரிந்தால் மற்ற இடத்தில் உஷாராவார்கள். உறை செல் எரிச்சலில் இருந்தாலே அப்படி பிரியும். ஒரே செல்லில் 2, 3 கரு இருப்பதும் சகஜம். கருவுக்குள் பெரிய புள்ளி தெரிவதும் சகஜம். கல்லீரல் சுருங்கி வயிற்றில் தண்ணி சேர்ந்தவர்கள், டயாலிசிஸ் நோயாளிகள் ஆகியோரின் தண்ணியில் இதெல்லாம் நிறையவே தெரியும்.

மறுபக்கம், சில மீசோதீலியோமா செல்கள் பார்க்க சாது மாதிரியே இருக்கும். கேன்சர் என்று உறுதியாக சொல்ல, அது பக்கத்து சதைக்குள் ஊடுருவி இருப்பதை பார்க்க வேண்டும். தண்ணியில் செல் மட்டும்தானே மிதக்கிறது? ஊடுருவலை அதில் பார்க்கவே முடியாது. மீசோதீலியோமாவில் ஒரு வகை, செல்லை தண்ணியில் சரியாக உதிர்ப்பதே இல்லை. எத்தனை முறை தண்ணி எடுத்தாலும் சிக்காது.

அதாவது நல்லவன் கெட்டவன் மாதிரியும், கெட்டவன் நல்லவன் மாதிரியும் தெரியும் இடம் இது. கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது.

சாயம் ஏற்றி விசாரணை

இதற்குத்தான் 'செல் பிளாக்' என்று ஒரு முறை இருக்கிறது. தண்ணியின் வண்டலை கட்டியாக உறைய வைத்து, மெழுகில் பதித்து, மெலிதாக சீவி எடுப்பார்கள். ஒரே வண்டலில் இருந்து பல சீவல் கிடைக்கும். ஒவ்வொரு சீவலிலும் ஒவ்வொரு விசேஷ சாயம் போட்டு பார்க்கலாம். விசாரணை 2 கட்டமாக நடக்கும்.

முதல் கட்டம், இந்த செல் உள்ளூரா வெளியூரா? கால்ரெடினின், டபிள்யூ.டி.1 போன்ற சாயங்கள் ஏறினால் உறை செல். கிளாடின்-4, பெர்-ஈபி4, சி.இ.ஏ. போன்றவை ஏறினால் பெரும்பாலும் வெளியில் இருந்து பரவிய கேன்சர். ஒரே சாயத்தை நம்பாமல் ரெண்டு பக்கமும் குறைந்தது 2 சாயமாவது போட்டு பார்ப்பது வழக்கம். வெளியூர் என்று தெரிந்தால் எந்த ஊர் என்று அடுத்து தேடுவார்கள். டி.டி.எப்.1 ஏறினால் நுரையீரல் பக்கம் சந்தேகம் போகும். ஜி.ஏ.டி.ஏ.3 ஏறினால் மார்பகம். பேக்ஸ்-8 ஏறினால் சினைப்பை அல்லது சிறுநீரகம் பக்கம்.

இங்கே ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. 'கால்ரெடினின் பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட் வந்தால் கேன்சர் பாசிட்டிவ் என்று நினைத்து விடுகிறார்கள். அது கேன்சர் சாயமே இல்லை. 'இது உறை செல்தான்' என்று மட்டும் சொல்லும். நல்ல உறை செல்லிலும் ஏறும், கெட்ட உறை செல்லிலும் ஏறும்.

இரண்டாவது கட்டம், உள்ளூர்தான் என்றால் நல்லவனா, கெட்டவனா? இதற்கு ரொம்ப காலம் சரியான வழி இல்லாமல் இருந்தது. 2011-ம் ஆண்டு ஒரு திருப்பம் வந்தது. மீசோதீலியோமாவில் பி.ஏ.பி.1 என்ற மரபணு அடிக்கடி பழுதாகிறது என்று கண்டுபிடித்தார்கள். நல்ல செல்லில் இந்த மரபணு தயாரிக்கும் புரதம் கருவுக்குள் இருக்கும். சாயம் போட்டால் கரு பழுப்பு நிறமாகும். மரபணு பழுதான கேன்சர் செல்லில் கரு நிறம் ஏறாமல் வெளுத்து நிற்கும். சாயம் ஒழுங்காக வேலை செய்ததா என்று பார்க்க, பக்கத்தில் உள்ள வெள்ளை அணுக்களின் கரு பழுப்பாகி இருக்கிறதா என்றும் சரி பார்ப்பார்கள்.

இதே போல எம்.டி.ஏ.பி. என்ற சாயமும் இருக்கிறது. 9-வது குரோமோசோமில் பி16 என்ற மரபணு காணாமல் போயிருந்தால் பக்கத்து வீடான எம்.டி.ஏ.பி.யும் பல நேரம் சேர்ந்தே காணாமல் போயிருக்கும். பி16-ஐ நேரடியாக தேட 'பிஷ்' என்ற தனி பரிசோதனை உண்டு. இருட்டில் ஒளிரும் புள்ளிகளை வைத்து மரபணு இருக்கிறதா, ரெண்டு பிரதியும் போய் விட்டதா என்று எண்ணுவார்கள்.

உறை செல்தான் என்று உறுதியான பிறகு, இவற்றில் ஒன்று காணாமல் போயிருந்தால் அது கேன்சர் என்பதற்கு பலமான சாட்சி. ஆனால் எல்லாம் சரியாக இருந்தால் கேன்சர் இல்லை என்று அர்த்தம் இல்லை. எல்லா மீசோதீலியோமாவிலும் இந்த மரபணுக்கள் பழுதாவது இல்லை. அப்போது ஸ்கேனை பார்த்து, தேவைப்பட்டால் உறையில் இருந்தே சதை எடுத்து பயாப்ஸி செய்வதுதான் வழி.

ரிப்போர்ட்டில் 5 வகை

உடம்பு தண்ணி பரிசோதனைக்கு உலகம் முழுக்க ஒரே மாதிரி ரிப்போர்ட் எழுத வேண்டும் என்று 2020-ம் ஆண்டு சர்வதேச முறை ஒன்று புத்தகமாக வந்தது. அதில் 5 வகை இருக்கிறது.

1. பார்க்க போதுமான செல்கள் இல்லை.
2. கேன்சர் செல் தெரியவில்லை. இதைத்தான் 'நெகட்டிவ்' என்கிறோம்.
3. செல் வித்தியாசமாக உள்ளது, ஆனால் அர்த்தம் உறுதியில்லை. இதுதான் 'அடிபிக்கல்'.
4. கேன்சராக இருக்கலாம் என்று பலமான சந்தேகம்.
5. கேன்சர் உறுதி.

வெளியான ஆய்வுகளை தொகுத்து, ஒவ்வொரு வகையிலும் கடைசியில் எத்தனை பேருக்கு கேன்சர் இருந்தது என்றும் கணக்கு போட்டிருக்கிறார்கள். முதல் வகையில் 100 பேரில் சுமார் 17 பேர். 2-வது வகையில் சுமார் 21 பேர். 3-வது வகையில் சுமார் 66 பேர். 4-வதில் சுமார் 82 பேர். 5-வதில் 99 பேர். ஏற்கனவே சந்தேகத்தின் பேரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கு இது. தண்ணி கோர்த்த எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது.

இந்த கணக்கில் 2 விஷயம் புரிகிறது. 'அடிபிக்கல்' என்றால் மூன்றில் ஒருவருக்கு கேன்சர் இல்லை. எனவே அது தீர்ப்பு இல்லை, 'இன்னும் விசாரிக்கணும்' என்ற வாய்தா மட்டுமே. அதே போல 'நெகட்டிவ்' என்றால் முழு விடுதலையும் இல்லை. ஐந்தில் ஒருவருக்கு பிறகு கேன்சர் தெரிந்திருக்கிறது. காரணம் தெரியாமல் தண்ணி திரும்பத் திரும்ப சேர்ந்தால் நெகட்டிவ் தாளை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது.

தென்ஆப்பிரிக்கா சொல்லும் பாடம்

நம்ம ஊரில் நெஞ்சில் தண்ணி என்றால் முதலில் காசநோயைத்தான் நினைப்பார்கள். அது சரியும்கூட. இந்தியாவில் அதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று காசநோய். அந்த தண்ணியில் 'லிம்போசைட்' என்ற வெள்ளை அணுக்கள் நிறைய இருக்கும். உறை செல்கள் ரொம்ப குறைவாகவே இருக்கும். ஏ.டி.ஏ. என்ற டெஸ்டிலும் அளவு கூடும். இதையெல்லாம் வைத்து காசநோய் மாத்திரை ஆரம்பிப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு குணமாகி விடும்.

ஆனால் குணமாகாவிட்டால்? தென்ஆப்பிரிக்காவில் கிம்பர்லி என்ற ஊரில் 1950-களில் இதுதான் நடந்தது. அங்கு காசநோய் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் ஸ்லெக்ஸ் ஒரு வித்தியாசத்தை கவனித்தார். நெஞ்சில் நோய் என்று வந்தவர்களில் ஒரு பகுதியில் இருந்து வந்தவர்கள் மாத்திரையில் குணமானார்கள். மேற்கே ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கங்கள் இருந்த மலைப் பக்கத்தில் இருந்து வந்த பலருக்கு குணமாகவே இல்லை.

நோயியல் டாக்டர் வாக்னர், அவருடன் ஸ்லெக்ஸ், மார்சண்ட் ஆகியோர் சேர்ந்து ஆராய்ந்தனர். காசநோய் என்று நினைத்த பலருக்கு இருந்தது மீசோதீலியோமா! 33 பேரின் விவரத்தை 1960-ம் ஆண்டு வெளியிட்டனர். ஒருவரை தவிர மற்ற எல்லோருக்கும் ஆஸ்பெஸ்டாசுடன் ஏதோ ஒரு தொடர்பு இருந்தது. எல்லோரும் சுரங்கத் தொழிலாளிகளும் இல்லை. சுரங்கம் பக்கத்தில் குடியிருந்தவர்கள், அங்கு வளர்ந்தவர்களும் இருந்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசிக்கும் இந்த கேன்சருக்கும் உள்ள தொடர்பை உலகமே ஏற்றுக் கொள்ள வைத்தது இந்த ஆய்வுதான்.

தூசி உள்ளே போய் நோய் வெளியே வர 20 முதல் 40 ஆண்டுகள் ஆகும். அதற்கு மேலும் ஆகலாம். இது பீடி, சிகரெட்டால் வரும் கேன்சர் இல்லை. பழக்கமே இல்லாதவருக்கும் வரலாம். நம்ம நாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் மருத்துவ குறிப்புகளை குறைந்தது 40 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்று 1995-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது குறிப்பிடத்தக்கது. எனவே இளம் வயதில் ஷீட் கம்பெனியிலோ, கப்பல் உடைக்கும் இடத்திலோ, கொதிகலன் வேலையிலோ இருந்திருந்தால், ஷீட்டை அறுப்பது, துளை போடுவது தொழிலாக இருந்திருந்தால், 70 வயதானாலும் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும்.

மாமாவுக்கு என்ன நடந்தது?

2 டயாலிசிஸ் தவறியதும் மாமாவுக்கு முகம், கால் எல்லாம் வீங்கி விட்டது. அத்தை பிடிவாதமாக மதுரைக்கு கூட்டிப் போனார். நானும் உடன் போனேன். முதலில் டயாலிசிஸ் செய்து ஆளை தேற்றினார்கள். அதன்பிறகு பழைய ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்த நோயியல் டாக்டர், பரிசோதனைக்கு அனுப்பியபோது இணைத்த சீட்டை கேட்டார். அதன் நகலும் பைலில் இருந்தது. 'நெஞ்சு நீர், 5 மில்லி, வயது 58, ஆண்' என்று மட்டும் எழுதியிருந்தது.

டயாலிசிஸ் நோயாளி என்ற ஒரு வார்த்தை அதில் இல்லை!

முதலில் ஸ்லைடு பார்த்தவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அவருக்கு வந்தது 5 மில்லி தண்ணி. விவரம் எதுவும் தெரியாது. செல் வித்தியாசமாக இருந்ததை உள்ளபடி எழுதினார். 'நோயாளியின் நிலையுடன் ஒப்பிட்டு பார்க்கவும்' என்று கடைசி வரியில் எழுதியும் இருந்தார். அந்த வரியை நாங்கள் யாரும் படிக்கவில்லை.

மதுரையில் மறுபடி தண்ணி எடுத்தார்கள். இந்த முறை 100 மில்லிக்கு மேல். சீட்டில் எல்லா விவரமும் எழுதினார்கள். செல் பிளாக் செய்து சாயம் போட்டார்கள். உறை செல்கள்தான், பி.ஏ.பி.1 சரியாக இருக்கிறது, ஸ்கேனில் உறை தடித்தோ கட்டியாகவோ இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்து பார்த்து 'ரியாக்டிவ்' என்று ரிப்போர்ட் வந்தது. டயாலிசிசில் கூடுதலாக தண்ணி எடுத்ததும் நெஞ்சு நீர் மெல்ல வடிந்தது. 3 மாதம் கழித்து எடுத்த ஸ்கேனிலும் எதுவும் இல்லை.

நீங்க கேட்க வேண்டியது என்ன?

* தண்ணியை கூடுதலாக அனுப்பச் சொல்லுங்கள். கேன்சர் செல் பரிசோதனைக்கு குறைந்தது 50 முதல் 75 மில்லி வேண்டும் என்பது சர்வதேச பரிந்துரை. லிட்டர் கணக்கில் எடுத்து கீழே ஊற்றி விட்டு 5 மில்லி அனுப்புவதில் அர்த்தம் இல்லை.

* பாட்டில் உடனே லேபுக்கு போகட்டும். தாமதமானால் பிரிட்ஜில் வைக்க வேண்டும். வெயிலில், பைக் பெட்டியில் கிடந்தால் செல்கள் கெட்டு உருமாறும். கெட்டுப்போன நல்ல செல்லும் கேன்சர் மாதிரி தெரியும்.

* சீட்டில் விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கனவே கேன்சர் இருந்ததா, கதிர்வீச்சு சிகிச்சை நடந்ததா, டயாலிசிஸ், கல்லீரல், இதய நோய், காசநோய், செய்த வேலை எல்லாம் எழுதப்பட வேண்டும்.

* 'அடிபிக்கல்' என்று வந்தால் "செல் பிளாக் செஞ்சாங்களா டாக்டர்? சாயம் போட்டு பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கேட்பதில் தவறு இல்லை.

* முதல் முறை எடுத்த தண்ணியில் கேன்சர் சிக்கும் வாய்ப்பு சுமார் பாதி முதல் 60 சதவீதம்தான். மீசோதீலியோமாவில் இன்னும் குறைவு. 2-வது முறை எடுக்கச் சொன்னால் சலித்துக் கொள்ள வேண்டாம். 2 முறை பார்த்தும் விடை தெரியாவிட்டால், திரும்பத் திரும்ப தண்ணி எடுப்பதை விட பயாப்ஸி பற்றி பேசுவது நல்லது. கேமரா குழாய் விட்டு உறையை நேரில் பார்த்து சதை எடுக்கும் வசதி பெரிய ஆஸ்பத்திரிகளில் உண்டு.

* காசநோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. அதே சமயம் மாத்திரை ஒழுங்காக சாப்பிட்டும் தண்ணி குறையவில்லை, எடை குறைகிறது, நெஞ்சு வலி கூடுகிறது என்றால் டாக்டரிடம் மறுபடி பரிசோதிக்க சொல்லுங்கள்.

* ஸ்லைடும், செல் பிளாக்கும் லேபில் பத்திரமாக இருக்கும். வேறு டாக்டரிடம் கருத்து கேட்க வேண்டும் என்றால் ரிப்போர்ட் தாளோடு அதையும் கேட்டு வாங்கிப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ரிப்போர்ட்டை கவுண்டரில் நின்று படித்து முடிவு கட்டாதீர்கள். கொடுப்பவர் சொல்வதையும் நம்பாதீர்கள். சிகிச்சை தரும் டாக்டரிடம் காட்டும் வரை, ஓடிக் கொண்டிருக்கும் எந்த சிகிச்சையையும் நிறுத்தாதீர்கள்.

மாமா வாரம் 2 முறை டயாலிசிஸ் போய் வருகிறார். நின்று போன மகள் நிச்சயதார்த்தமும் நடந்து, கல்யாணமும் முடிந்து விட்டது. அந்த பழைய ரிப்போர்ட்டை அத்தை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார். "இத எதுக்கு அத்தை வச்சிருக்கீங்க, கிழிச்சு போடுங்க" என்றேன்.

"இருக்கட்டும்யா. கடைசி வரியையும் படிக்கணும்னு ஞாபகம் இருக்கணும்ல" என்றார்.